சின்னத் தொட்டியில் குளிர்கால மல்லிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலை ஒன்றுகூட இல்லாத பச்சைக் குச்சியில், நடுக்குளிரில், மஞ்சள் பூ. உள்ளங்கையில் அடங்கும் போன்சாய் ஒன்றில் அதைப் பார்த்தவர்கள் உடனே ஒரு செடி வாங்கிவிடுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் பூ வராதபோதுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டும்: கத்தரிக்கோலை எந்த மாதம் கையில் எடுத்தீர்கள், எந்த மாதம் கீழே வைத்தீர்கள்? அதற்கான பதிலை மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். இங்கே சொல்லும் மாதங்கள் எல்லாம் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்கால மல்லிகை என்று எந்தச் செடியைச் சொல்கிறீர்கள்?

ஜாஸ்மினம் நூடிஃப்ளோரம். மல்லி, முல்லை, பிச்சி எல்லாம் அடங்கிய அதே பேரினம்தான். குடும்பம் ஆலிவ் மரத்தினுடையது. மேற்குச் சீனத்து மலைச்சரிவுகளில் இயற்கையாக வளர்வது. சீன மொழியில் இதன் பெயர் யிங்சுன்ஹுவா, அதாவது வசந்தத்தை வரவேற்கும் பூ. ஜப்பானில் ஓபாய் என்பார்கள், 'மஞ்சள் பிளம்' என்று பொருள். பிளம் மரத்துக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. பூவின் சாயலும் பூக்கும் காலமும் ஒத்துப்போவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நூடிஃப்ளோரம் என்ற லத்தீன் பெயரும் இலையில்லாமல் பூப்பதைத்தான் சொல்கிறது. ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1844இல் இதைச் சீனாவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு சேர்த்தார். அதன்பிறகு குளிர் நாட்டுத் தோட்டச் சுவர்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது.

அடையாளம் காண்பது எளிது. இளந்தண்டு பச்சையாக இருக்கும், விரலால் உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் மூன்று சிற்றிலைகள். பூவில் பெரும்பாலும் ஆறு இதழ், சிலவற்றில் ஐந்து. இதே காலத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியாவோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு நான்கே இதழ். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மல்லிகை என்கிறீர்கள், மணம் எப்படி?

கிடையாது. முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு நிமிர்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தச் செடி கண்ணுக்கு மட்டும்.

மினியேச்சர் என்றால் எவ்வளவு உயரம்?

போன்சாய் உலகில் ஷோஹின் என்பது ஏறக்குறைய 20 செ.மீ. உயரம் வரை, மாமே என்பது 10 செ.மீ.க்கு உட்பட்டது. குளிர்கால மல்லிகை இரண்டுக்கும் ஒத்துவரும், ஏனென்றால் இதன் இலை பிறப்பிலேயே சிறியது. மற்ற மரங்களில் செய்வதுபோல இலையைச் சிறிதாக்க ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதில்லை.

பூ மட்டும் சிறிதாகாது. தோட்டத்தில் இரண்டு, இரண்டரை செ.மீ. அகலத்தில் பூப்பது 8 செ.மீ. மரத்திலும் அதே அளவில்தான் பூக்கும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும்: தலையைவிடப் பெரிய குடை பிடித்த குழந்தை மாதிரி இருக்கும். ஆனால் இந்த அளவு மரத்தில் நாற்பது பூ வந்தால் மரமே தெரியாது. ஏழெட்டுப் பூ போதும்.

எங்கள் பகுதியில் குளிரே இல்லை. வளருமா?

செடி உயிரோடு இருக்கலாம், ஆனால் பூக்கும் என்று நம்பாதீர்கள். இலை உதிர்த்து ஓய்வெடுக்க இதற்கு உண்மையான குளிர் சில வாரங்களாவது தேவை. ஆண்டு முழுவதும் வெக்கையாக இருக்கும் இடத்தில் நீளநீளமாகப் பச்சைக் கொடி விட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட இடங்களில் இதன் நெருங்கிய உறவான ஜாஸ்மினம் மெஸ்னியை முயற்சி செய்யலாம். அதுவும் மஞ்சள் பூ, அதுவும் தென்மேற்குச் சீனம். ஆனால் இலை உதிராது, பூ இன்னும் பெரியது, அடுக்கிதழாகவும் வரும். கடுங்குளிர் தாங்காது. பூவும் இலையும் பெரியவை என்பதால் மாமே அளவுக்கு அதை இறக்குவது கஷ்டம், 20 செ.மீ.யை ஒட்டி வைத்துக்கொண்டால் பொருந்தும். கத்தரிக்கும் கணக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதிலிருந்து தொடங்குவது? விதை போடலாமா?

விதையை மறந்துவிடுங்கள். தோட்டங்களில் வளரும் செடிகள் காய் பிடிப்பதே அபூர்வம்.

குச்சி நட்டால் சுலபமாகப் பிடிக்கும். ஜூன், ஜூலையில் அரைமுற்றல் தண்டையோ, குளிர்கால முடிவில் நன்றாக முற்றிய தண்டையோ நறுக்கி, மணலும் பியூமிஸும் (நுரைபோன்ற எரிமலைக் கல்) கலந்த ஈரமான கலவையில் நட்டால் பெரும்பாலும் வேர்விடும். பென்சில் பருமன் தண்டுகூட வேர்விடுவதால் ஆரம்பத்திலேயே சற்றுத் தடித்த, வளைந்த துண்டாகத் தேர்ந்தெடுங்கள். நேர்க்குச்சியை நட்டுவிட்டுப் பிறகு வளைக்கப் பாடுபடுவதைவிட, செடியிலேயே வளைந்து கிடக்கும் துண்டைக் கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம்.

பதியம் இன்னும் எளிது, செடி தானாகவே செய்துகொள்ளும். வளைந்து தரையைத் தொடும் கொடி தொட்ட இடத்தில் வேர்விட்டுவிடும். என் மேசையில் ஒரு மரத்தின் தொங்கும் கிளை பக்கத்துத் தொட்டியின் பாசிக்குள் இறங்கி வேரூன்றியதைத் தொட்டியைத் தூக்கியபோதுதான் கண்டேன். இரண்டு தொட்டியும் சேர்ந்தே வந்தன.

ஆனால் உண்மையிலேயே வயதான மரம் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான்: யாராவது தோட்டத்தில் பிடுங்கி எறியப்போகும் பழைய புதரின் தூர். முப்பது நாற்பது ஆண்டு சுவரோரம் நின்ற தூருக்குள் பத்து சின்ன மரங்கள் ஒளிந்திருக்கும். குளிர் முடிந்து மொட்டு அசையும் நேரத்தில் தோண்டி எடுத்து, ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வேர் இருக்குமாறு பார்த்து, ஆழமான தொட்டியில் இரண்டு ஆண்டு தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

அடிமரம் பருக்க எவ்வளவு காலம் ஆகும்?

நீண்ட காலம். கொடிபோல வேகமாக நீளும் இந்தச் செடி பருக்க மட்டும் மிகவும் சோம்பல் படும். தொட்டியில் வைத்துக்கொண்டு குச்சியை மரமாக்கப் பார்த்தால் பத்து ஆண்டு கழித்தும் குச்சியாகவே இருக்கும். பருமன் வேண்டும் என்றால் தரையில் நட்டு, கொடிகளை மனம்போல ஓடவிட்டு, நான்கைந்து ஆண்டுக்குப் பிறகு எடுங்கள். இல்லையென்றால் மெல்லிய அடிமரத்தை ஏற்றுக்கொள்ளும் வடிவமாகப் பாருங்கள்: வேரை வெளியே காட்டும் வடிவம், பாறையைப் பற்றிய வடிவம், அருவிபோல் கீழே தொங்கும் வடிவம். இந்த மூன்றிலும் அடிமரம் மெலிந்திருப்பது உறுத்தாது.

தூரிலிருந்து குருத்து வந்துகொண்டே இருக்கிறது. விடலாமா, எடுக்கலாமா?

எடுங்கள். இன்று எடுத்தால் அடுத்த வாரம் மறுபடி வரும், அப்போதும் எடுங்கள்.

பெரும்பாலான மரங்கள் உச்சியில் வேகமாக வளரும், அடியில் மெதுவாக. குளிர்கால மல்லிகை அப்படியே தலைகீழ். இது மரம் அல்ல, புதர். பழைய தண்டைக் கைவிட்டுவிட்டு அடியிலிருந்து புதுத் தண்டு போடுவதுதான் அதன் பிழைப்பு. நாம் ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய உச்சிக் கிளைகள் செடியின் பார்வையில் வேண்டாத சுமை. தூர்க் குருத்தை ஒரு கோடைக்கு மட்டும் விட்டுவிட்டால் உச்சி வாடத் தொடங்கும், அடுத்த ஆண்டு காயும். போன்சாய்க்கு வந்த குளிர்கால மல்லிகைகள் வீணாவதில் பூச்சியைவிட இந்த அலட்சியத்துக்குப் பங்கு அதிகம்.

கத்தரிக்காமல் விரலால் கிழித்து எடுப்பது நல்லது. கத்தரித்தால் அடியில் உறங்கும் மொட்டுகள் மிஞ்சி இரண்டாகக் கிளம்பும். கிழித்தால் அவையும் சேர்ந்து வந்துவிடும். இதே காரணத்துக்காக, கத்தரிக்கும்போது உச்சிப் பகுதியில் ஒரு கணு கூடுதலாக விட்டு, கீழ்க்கிளைகளைச் சற்று ஒட்ட வெட்டுங்கள். வேறு மரங்களில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

எப்போது கத்தரிப்பது?

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த ஆண்டு வளர்ந்த தண்டில்தான் வரும் குளிர்காலத்தில் பூ. இலைக் காம்புகளின் கக்கத்தில் கோடை முடிவில் மொட்டு கட்டும், குளிரில் விரியும். இலையுதிர் காலத்தில் மரம் பரட்டையாக இருக்கிறதே என்று அழகாகச் சீர்செய்தால் பூ முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டோம் என்று பொருள். நானே முதல் இரண்டு ஆண்டு அதைத்தான் செய்தேன்.

பூ முடிந்த கையோடு, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள், முதல் வெட்டு. இதுதான் பெரிய வெட்டு. பூத்த தண்டுகள் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கணு மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். இலை எதிரெதிராக வருவதால் கடைசிக் கணுவில் இரண்டு மொட்டு இருக்கும். இரண்டையும் விட்டால் ஒவ்வொரு கிளையும் கவண் மாதிரி பிளக்கும், மரம் முழுக்கக் கவணாகிவிடும். எந்தப் பக்கம் கிளை போக வேண்டுமோ அந்தப் பக்கத்து மொட்டை வைத்து மற்றதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். இரண்டாகப் பிரிவது அழகு தரும் இடத்தில் விட்டுவிடலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கை வைக்காதீர்கள். புதுக்குருத்து எட்டு கணு வரை ஓடட்டும். முளைத்தவுடன் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் மரம் பலவீனமாகும். ஷோஹின் மரம் இரண்டு மாதம் முள்ளம்பன்றி மாதிரி நிற்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மே கடைசி முதல் ஜூன் நடுவுக்குள் இரண்டாவது வெட்டு. தண்டின் அடிப்பகுதி கொஞ்சம் விறைத்திருக்கும். மறுபடி ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டுங்கள். இதிலிருந்து இரண்டாம் முறை குருத்து வரும். அது முதலாவதைவிடக் குட்டையாக, கணுக்கள் நெருக்கமாக இருக்கும். அந்தக் குட்டைக் குருத்தில்தான் சின்ன மரத்துக்கேற்ற பூ அமையும். வேனில் மிகக் குறுகிய இடங்களில் இந்த இரண்டாம் வெட்டைத் தவிர்த்துவிடுங்கள். மொட்டு கட்டச் செடிக்கு நேரம் போதாது.

ஜூலை பிறந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். தூர்க் குருத்தைக் கிழிப்பது தவிர வேறு எதுவும் வேண்டாம்.

இலை உதிர்ந்த பிறகு, மொட்டு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்போது, மொட்டில்லாத நுனிகளை மட்டும் வெட்டலாம்.

இந்தக் கணக்கை மீற ஒரு நியாயமான காரணம் உண்டு. கிளை அமைப்பு இன்னும் உருவாகாத இளமரம் என்றால் பூவை விட்டுக்கொடுத்து ஆகஸ்ட் வரை மூன்று முறை வெட்டுங்கள். கிளை நுணுக்கம் வேகமாகக் கூடும், பூ இருக்காது. என் மரங்களில் சிலவற்றுக்கு இது வடிவத்துக்கான ஆண்டு, சிலவற்றுக்குப் பூவுக்கான ஆண்டு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுவேன். இரண்டையும் ஒரே ஆண்டில் கேட்டபோதெல்லாம் அரைகுறை வடிவமும் ஓரிரண்டு பூவும்தான் கிடைத்தன.

மூன்று ஆண்டாகப் பூக்கவே இல்லை, ஏன்?

பெரும்பாலும் மேலே சொன்னதுதான்: தாமதமாக வெட்டியிருப்பீர்கள். அது இல்லையென்றால் வெயில் போதவில்லை. அதுவும் இல்லையென்றால் கோடை முழுக்கத் தழைச்சத்து கொட்டியிருப்பீர்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்திருந்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பூமொட்டு எது, இலைமொட்டு எது?

அக்டோபர் வாக்கில் பாருங்கள். பூமொட்டு உருண்டு, செதில் போர்த்து, வெளியே செம்மை ஓடியிருக்கும். இலைமொட்டு சிறியதாக, கூர்மையாக, தண்டோடு ஒட்டிக் கிடக்கும்.

கம்பி கட்டலாமா?

இளந்தண்டில் தாராளமாக. ஒரு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி சின்ன மரத்தின் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தண்டு பச்சையாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும்போது கட்டுங்கள். இரண்டு வயதைத் தாண்டிய கிளை வளைவதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பட்டென்று ஒடியும், அதுவும் கணுவிலேயே. வயதான கிளையின் திசையைக் கம்பியால் மாற்றப் பார்ப்பதைவிட, சரியான பக்கத்து மொட்டுவரை வெட்டி அங்கிருந்து புதிதாக வளர்ப்பது எளிது. சின்ன மரத்தில் உண்மையான திருப்பங்கள் எல்லாம் வெட்டினால்தான் வருகின்றன, கம்பியால் வருபவை ஒரே சீரான வளைவுகள்.

பச்சைத் தோல் மென்மையானது. கட்டிய கம்பியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பதியத் தொடங்கினால் அவிழ்க்க முயலாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

எந்த வடிவம் பொருத்தம்?

இயற்கையில் இது சுவர்மேலிருந்து கீழே வழியும் செடி. அதனால் கெங்காய் எனப்படும் அருவி வடிவமும், தொட்டி விளிம்போடு நின்றுவிடும் அரை அருவியும் தானாகவே வரும். ஒரே ஒரு சிக்கல்: உச்சிக்குப் போக விரும்பாத செடி என்றாலும், கீழே தொங்கும் நுனியும் காலப்போக்கில் சோரும். தொட்டியைச் சாய்த்து வைத்து ஒரு பருவம் வளர்த்தால் நுனி மீளும்.

வேரை வெளியே காட்டும் நெயாகாரி வடிவத்துக்கு இது அருமையான செடி. வேர் வேகமாக நீளும், வெளிச்சம் பட்டதும் பட்டை கட்டும். உயரமான குழாய் ஒன்றில் மேலே சரளையும் கீழே நல்ல கலவையும் நிரப்பிச் செடியை நட்டு, ஆண்டுக்குக் கொஞ்சமாக மேல் சரளையை நீக்கிக்கொண்டே வந்தால் மூன்று நான்கு ஆண்டில் கால்கள் முளைத்த மரம் ஒன்று நிற்கும். பாறைமேல் அமைப்பதும் அதே முறைதான்.

நேராக நிமிர்ந்து நிற்கும் வடிவத்தை இதன்மேல் திணிக்காதீர்கள். வளைந்து வளைந்து எழும் மோயோகி வடிவம் வரைக்கும் போகலாம்.

ஒரு கிளையை வெட்டினேன். அடிமரத்தில் அதற்கு நேர்கீழே ஒரு பட்டை முழுவதும் காய்ந்துவிட்டது. நோயா?

நோயல்ல. குறிப்பிட்ட வேரிலிருந்து குறிப்பிட்ட கிளைக்குத் தனித்தனி வாய்க்கால் போல இந்தச் செடியில் சாறு ஓடுகிறது. கிளை போனால் அந்த வாய்க்காலுக்கு வேலை இல்லை, அது வற்றிவிடும். பெரிய வேரை வெட்டினாலும் இதேபோல மேலே ஒரு கிளை போகும்.

எனவே தடித்த கிளையை ஒட்ட வெட்டாமல் ஒரு விரல்கடை முளை விட்டு வெட்டுங்கள். அதிலிருந்து ஏதாவது குருத்து வந்தால் பாதை உயிரோடு இருக்கும். வராவிட்டால் எதுவரை காய்ந்தது என்று அடுத்த ஆண்டு பார்த்து, அதுவரை குடைந்து எடுக்கலாம். செத்த மரத்தை வெள்ளையாக நிறுத்தி அழகு பார்ப்பது ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்துக்குச் சரி. மல்லிகைக் கட்டை மென்மையானது, ஈரத்தில் உளுத்துவிடும். குடைந்து பொந்தாக்கிவிட்டால் வயதான தோற்றமாவது மிஞ்சும். தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் வழி வைத்துவிடுங்கள்.

மண் கலவை என்ன? எப்போது தொட்டி மாற்றுவது?

தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், அதே நேரத்தில் சின்னத் தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடவும் கூடாது. அக்கடாமா (ஜப்பானிய எரிமலைக் களிமண் துகள்) இரண்டு பங்கு, பியூமிஸ் ஒரு பங்கு, 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனில் சலித்தது. அக்கடாமா கிடைக்காதவர்கள் அதேபோல ஈரம் பிடிக்கும் சுட்ட களிமண் துகளைப் பயன்படுத்தலாம். தோட்ட மண் மட்டும் வேண்டாம்.

வேர் பயங்கர வேகம். மாமே தொட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை, ஷோஹினில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூ முடிந்து இலைமொட்டு வீங்கும் அந்தச் சில வாரங்கள்தான் நேரம். பெரிய வெட்டும் அப்போதே என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். வேரில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். சின்ன மரம் காற்றில் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும், கம்பியால் தொட்டியோடு கட்டுங்கள்.

தண்ணீர்?

கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, கடும் வெயிலில் மூன்று. மாமே தொட்டியில் இருப்பது இரண்டு மூன்று மேசைக்கரண்டி மண்தான். ஒருநாள் மறந்தால் அத்தோடு முடிந்தது. ஈரமணல் நிரப்பிய தட்டில் தொட்டிகளைப் பாதி புதைத்து வைத்தால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். வடிகால் துளை வழியாக வேர் மணலுக்குள் இறங்கும்; வாரம் ஒருமுறை தூக்கி ஒடித்துவிடுங்கள், இல்லையென்றால் மரம் திடீரென்று தடித்த கொடிகளைக் கிளப்பும். குளிர்காலத்திலும் தண்ணீர் தேவை. இலையில்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். மொட்டு வைத்த மரம் வறண்டால் மொட்டு விரியாமலே பழுப்பாகும்.

உரம்?

பூத்து முடிந்து, தொட்டி மாற்றி ஒரு மாதம் கழித்து ஆரம்பியுங்கள். ஜூன் வரை தழை, மணி, சாம்பல் என மூன்று சத்தும் சமமாக உள்ள மெதுவாகக் கரையும் உரம் போதும். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து கூடிய உரத்துக்கு மாறுங்கள். இலை உதிரும்போது நிறுத்திவிடுங்கள்.

வெயில் எவ்வளவு வேண்டும்?

முழு வெயில். நிழலில் கூட வளரும் என்று தோட்டக்காரர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது தரையில் நிற்கும் புதருக்கு. நிழலில் கணு இடைவெளி நீண்டு சின்ன மரத்தின் அளவே கெட்டுவிடும். சுட்டெரிக்கும் மதிய வெயிலில் மட்டும் மெல்லிய நிழல் கொடுங்கள். அது இலைக்காக அல்ல, சூடேறும் தொட்டிக்காக.

உறைபனியில் வெளியே வைக்கலாமா?

தரையில் இருக்கும் செடி மைனஸ் 15 டிகிரி வரைகூடத் தாங்கும். தொட்டியில் கதை வேறு. கைப்பிடி மண் ஒரே இரவில் கல்லாக உறைந்துவிடும். மைனஸ் 5க்குக் கீழே போகும் என்று தெரிந்தால் சூடாக்காத கொட்டகையிலோ வெளிச்சமுள்ள வாகன நிறுத்தத்திலோ வையுங்கள். விரிந்த பூ பனியில் கருகும், மூடிய மொட்டு தப்பிக்கும். மொட்டுகள் ஒரே நேரத்தில் விரியாமல் வாரக்கணக்கில் முறைபோட்டு விரிவதால் ஒரு கெட்ட இரவோடு பருவம் முடிந்துவிடுவதில்லை.

பூத்திருக்கும்போது வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

இரண்டு மூன்று நாள், குளிர்ந்த அறையில். சூடேற்றிய அறையில் பூ ஒரே நாளில் உதிரும். அதைவிட மோசம், செடி வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து இலைவிட ஆரம்பிக்கும். அப்படி ஏமாந்த செடியை மீண்டும் பனியில் வைத்தால் தளிர் கருகும்.

எந்த நிறத் தொட்டி?

கருநீலம். மஞ்சள் பூவும் பச்சைக் குச்சியும் அதன்மேல் எடுப்பாகத் தெரியும். வெளிர் பச்சையும் பரவாயில்லை. மஞ்சள் தொட்டி வேண்டாம். பளபளப்பு பூசாத செங்கல் நிறத் தொட்டிகள் ஆண்டு முழுக்கப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இந்த மரம் உயிர்கொள்வது பூக்கும் அந்தச் சில வாரங்களில்தான். கியோட்டோவில் ஷோஹின் மரங்களுக்கென்றே நடக்கும் காஃபூ கண்காட்சி ஜனவரியில், டோக்கியோவின் கொகுஃபு கண்காட்சி பிப்ரவரியில். மற்ற இலையுதிர் மரங்கள் வெறுங்கிளையோடு நிற்கும் அந்த நாட்களில் ஒரு மஞ்சள் பூ அடுக்கின் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணை இழுக்கும்.

பூச்சித் தொல்லை உண்டா?

அதிகம் இல்லை. வசந்தக் குருத்தில் அசுவினி வரும். விரலால் வழித்தோ தண்ணீர் பீய்ச்சியோ விரட்டலாம். வறண்ட கோடையில் சிலந்திப் பேன் வரக்கூடும், இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் பல் துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்து எடுங்கள்.

இலைகளை மொத்தமாக உருவிவிட்டால் இன்னும் சின்ன இலை வருமா?

வரலாம். ஆனால் எதற்கு? இலை ஏற்கெனவே விரல் நகம் அளவுதான். உருவினால் உச்சிக் கிளைகள் சோர்ந்துபோகும், அடியில் தூர்க் குருத்துகளுக்குக் கொண்டாட்டம்.

வாடிய பூக்களைக் கிள்ள வேண்டுமா?

பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும், காய் பிடிக்கும் கவலையும் இல்லை. ஆனால் உதிர்ந்த பூ பாசிமேல் கிடந்தால் அழுகிப் பூஞ்சை பிடிக்கும். சின்ன இடுக்கியால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கடைசிப் பூவைப் பொறுக்கும் அன்றைக்கே கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.